அறுநூற்று நாற்பது தப்படி

முப்பத்தொரு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: நேரம், இடம், செய்தி. ஸ்கேல் வைத்துத்தான் கோடு போடுவேன் (கையால் இழுத்த கோட்டை என் கண் மன்னிக்காது). இத்தனை ஆயிரம் பக்கங்களில் ‘இடம்’ என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருப்பது ஒரே ஒரு முறை. எழுதியவன் தொழிலில் நில அளவையர் என்பதையும் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்கு ஊர் உத்தமபாளையம் பக்கம். எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் திசை கேட்பதில்லை. மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவில் ஆறு. தலையைத் தூக்கினால் போதும், எங்கே நிற்கிறோம் என்று மலை சொல்லிவிடும். வருசநாட்டுக் காட்டோரம் மூன்று நாள் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, கடைசி பஸ் நிற்கிற இடத்துக்கே நேராக வந்து இறங்கியவன் நான். அந்தப் பெருமையோடுதான் 2006 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக்குப் போய் இறங்கினேன்.

அங்கே என் தங்கை வசந்தாவும் அவள் கணவர் கண்ணனும் இருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவர்களுடைய பதினோரு மாதக் குழந்தை யாழினிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தான்.

முதல் இரண்டு வாரம் அந்த ஊரைப் படித்தேன். படித்தது மண்டையில் ஏறவில்லை. பால் வாங்கக் காரில் பன்னிரண்டு நிமிடம். ஒரு கடையில் பால் வாங்கிவிட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த கடையில் அரிசி வாங்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை.

“நீங்க வண்டியைக் கொண்டாங்க. நான் குறுக்க நடந்து வந்துருதேன்” என்றேன்.

“மச்சான், இந்த ரோட்டைக் குறுக்க தாண்டுனா உங்களைச் சேதாரமாத்தான் ஊருக்கு அனுப்பணும். ஏறுங்க.”

ஏறினேன். ஒரு மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து, எங்கோ போய்த் திரும்பி, அந்தக் கடைக்கு வந்தோம். அன்றைய குறிப்பு: ‘பால் கடை முதல் அரிசிக் கடை வரை, கண்ணுக்கு நூறு மீட்டர், காருக்கு ஒன்பது நிமிடம்.’ எதிர்வீட்டுக்காரர் தினமும் காரில் ஏறிப் போய், ஒரு கட்டடத்துக்குள் மெஷின் மேல் அரை மணி நேரம் நடந்துவிட்டு, காரில் திரும்பி வருகிறார் என்று வசந்தா சொன்னாள். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. நம்பிக்கை வராத செய்தியை எழுதுவதில்லை.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளையின் அக்காள் டாலஸிலிருந்து வந்து சேர்ந்தார்கள். எனக்கு மதினி முறை. பிறந்தது சின்னமனூர். மனிதர்களைக் கேலி செய்வதில் அவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு: காபி குடித்து முடிக்கும் வரை காத்திருப்பார்கள்.

“கொழுந்தனாரே, சீரெல்லாம் கொண்டாந்திருக்கீகளா?”

“எல்லாம் ரெடி மதினி. பட்டுப் பாவாடை, தோடு, தாம்பாளம், எல்லாம் ஊர்லருந்தே.”

“எங்கன இருக்கு?”

“உள்ரூம் பீரோவுல.”

“ஆக, பீரோவுலருந்து எடுத்து ஹாலுக்குக் கொண்டாருவீக.” மதினி டம்ளரைக் கீழே வைத்தார்கள். “எங்க பக்கம் இருபத்திரெண்டு பேரு வாராக. எங்க சித்தப்பா மகன் ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வாராக. பொண்ணு வீட்டுச் சீரு எட்டடி நடந்து வருது. நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப காருல கொண்டாந்து வாசல்ல இறக்குதேன்.”

“டிக்கியில வந்தா அதுக்குப் பேரு சீரு இல்ல, பார்சலு.”

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாவும் சிரித்தாள், ஆனால் அடுப்பங்கரைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். எங்கள் பக்கத்திலிருந்து அந்த நாட்டில் அவளுக்கென்று வந்தவன் நான் ஒருவன்தான். ‘எங்கண்ணன் வருவாக, முறையாச் செய்வாக’ என்று இரண்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இருபத்திரண்டு பேருக்கு முன்னால் அவள் தலை நிமிர்ந்து நிற்பதும் குனிந்து நிற்பதும் என் கையில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், என் தலையில் ஏறப்போகிற தாம்பாளத்தில் இருந்தது.

எங்கள் பக்கம் வழக்கம் இது: சீர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் வண்டி தெருமுக்கு வரைக்கும்தான். அங்கே இறங்கி, தாய்மாமன் தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டு முழங்க நடந்து வர வேண்டும். நான் எழுந்து நின்று அறிவித்தேன்: “சீரு நடந்து வரும்.”

“மச்சான், இந்த ஊர்ல நடக்குறதுன்னா...” என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

“மாப்பிள்ளை, நான் சர்வேயர்.”

(இந்த வாக்கியத்தை அடுத்த நாற்பது மணி நேரத்தில் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தேவையில்லாமல்.)

திட்டம் கச்சிதமாக இருந்தது. குடியிருப்பின் நுழைவாயிலில் செங்கல் சுவர், ஒரு நீரூற்று. அங்கிருந்து வீட்டுக்கு மறுநாள் நடந்து எண்ணினேன். அறுநூற்று நாற்பது தப்படி. இடது, வலது, மறுபடி இடது. படுத்தெழுந்த வீட்டுக்கே சீர் கொண்டுவர முடியாதல்லவா? அதனால் சனிக்கிழமை மாப்பிள்ளையின் நண்பர் ராவ் வீட்டில் போய்த் தங்கினேன். மெட்ராசில் படித்த தெலுங்குக்காரர், தமிழ் வரும். அவர் வீடும் ஹூஸ்டன்தான், தங்கை வீடும் ஹூஸ்டன்தான். இடையில் முப்பத்தெட்டு மைல். லோயர் கேம்பிலிருந்து தேனியைத் தாண்டிப் போகிற தூரத்துக்கு ஒரே ஊர்!

ஞாயிற்றுக்கிழமை பத்தரை வரை நல்ல நேரம். காது குத்த ஒப்புக்கொண்டிருந்த சூசம்மா என்ற நர்ஸும் பத்தரைக்கு ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பியாக வேண்டும். ஆகவே நான் ஒன்பதரைக்குள் வாசலில் நிற்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை ஒரு செல்போனைக் கொடுத்தார். “அறுநூத்து நாப்பது தப்படிக்கு எதுக்குப் போனு?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ராவ் பெட்ரோல் போட வேண்டியிருந்ததால் வேறு பாதையில் வந்தார். சுவர் தெரிந்தது, நீரூற்று தெரிந்தது. “இதான், நிறுத்துங்க” என்றேன்.

“இது மெயின் கேட்டா சார்? எனக்கு வேற மாதிரி தோணுது.”

“நான் சர்வேயர்.”

9.12. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் துண்டைச் சுற்றிச் சும்மாடு, அதன் மேல் சிவப்புத் துணி மூடிய தாம்பாளம். ராவ் பூஜைச் சாமான் வாங்கப் போய்விட்டார். நான் மனதுக்குள்ளேயே கொட்டு அடித்துக்கொண்டு நடந்தேன். இடது, வலது, இடது. அறுநூற்று நாற்பதாவது தப்படியில் அதே வீடு. அதே பழுப்புக் கதவு, அதே தபால் பெட்டி. வாசலில் வாழைமரமோ கூட்டமோ இல்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். எல்லோரும் உள்ளே இருப்பார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர். கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய் அவர் காலுக்கிடையில். என்னைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், “நோ, தேங்க்யூ” என்று கதவைச் சாத்திவிட்டார். சீர் கொண்டுபோய் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரே தாய்மாமன், எனக்குத் தெரிந்து, நான்தான்.

அந்தக் குடியிருப்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு நுழைவாயில்கள் இருப்பதும், இரண்டிலும் ஒரே அச்சில் வார்த்த நீரூற்று இருப்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தலையைத் தூக்கி மலையைத் தேடினேன். பழக்கதோஷம். நாலு பக்கமும் வானம் தரை வரைக்கும் வந்து நின்றது. சூரியனை வைத்துக் கிழக்கு எது என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தெருக்களுக்குத்தான் தெரியவில்லை. ஒவ்வொரு தெருவும் கிழக்கே புறப்பட்டு, ஏதோ மறந்துபோனது போல வடக்கே திரும்பி, கடைசியில் வட்டமாக ஒரு முட்டுச்சந்தில் முடிந்தது. பெயர்களெல்லாம் பூக்களின் பெயர்கள்; பூக்களை ஒரு தெருவிலும் காணோம். கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. சட்டைப்பையில் முகவரி இருந்தது, காட்ட ஒரு மனிதர் வேண்டுமே! கார்கள் போயின. ஒரு காரின் பின்கண்ணாடி வழியாக இரண்டு பிள்ளைகள் எனக்குக் கையாட்டினார்கள். தாம்பாளத்தைப் பிடித்திருந்ததால் என்னால் பதிலுக்கு ஆட்ட முடியவில்லை.

9.40. கழுத்து வலித்தது. ஒரு வீட்டுப் புல்தரையில் தாம்பாளத்தை இறக்கி வைத்து நிமிர்ந்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். புல்லுக்குள்ளிருந்து பத்துக் குழாய்கள் தலை நீட்டி என் மேல் தண்ணீர் பீய்ச்சின. பட்டுப் பாவாடை நனையக் கூடாதென்று தாம்பாளத்தின் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டேன். பட்டு நனையவில்லை. மற்றதெல்லாம் நனைந்தது.

9.55. சாலையோரம் உட்கார்ந்து நாட்குறிப்பை எடுத்து ‘இடம்’ கட்டத்தில் அந்த ஒற்றைச் சொல்லை எழுதினேன். வசந்தா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பாள். மதினி காபி குடித்து முடித்திருப்பார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. (குழாய்த் தண்ணீர் என்றும் வைத்துக்கொள்ளலாம்.)

9.58-க்கு ஒரு போலீஸ் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஆறடி உயரப் பெண் அதிகாரி. படுக்கை விரிப்பைக் கட்டிக்கொண்டு ஒருவர் தலையில் எதையோ வைத்து வீட்டு எண்களை நோட்டம் பார்க்கிறார் என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். (அரைக்கால் சட்டைக்காரர் மேல் எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியாது.)

“நீங்கள் யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தாலுகா ஆபீசில் பதினெட்டு வருடம் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியவன். அந்த நேரத்தில் வாயில் வந்தது இவ்வளவுதான்: “மேடம், ஐ ஆம் மதர்ஸ் பிரதர்.”

“யாருடைய மதர்?”

“பேபி. இயர். ஹோல். டென் தர்ட்டி.”

அவர் சிவப்புத் துணியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ஒரு சாண் நீளப் பட்டுப் பாவாடை, சின்ன டப்பாவில் கடுகுபோல இரண்டு தோடு. தோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் குரல் மாறியது. “எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். என் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போன்கூடச் செய்ய மாட்டான்” என்றார். முகவரியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கார்க் கதவைத் திறந்தார். “ஒன்றரை மைல். ஏறுங்கள்.”

நான் ஏறவில்லை.

போலீஸ்காரர் கூப்பிட்டு ஏறாத மனிதனை அவர் முதல்முறையாகப் பார்த்திருக்க வேண்டும். தெருமுக்கு, தாம்பாளம், டிக்கி, பார்சல், மதினி என்று எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மொழியில் சொன்னேன் என்பது குறிப்பில் இல்லை. இடுப்பில் கை வைத்தபடி முழுவதும் கேட்டார். பிறகு, “தெருமுனை வரைக்கும் கார். அதற்குப் பிறகு நடை. சம்மதமா?” என்றார்.

அதுதானே எங்கள் வழக்கம்! கம்பி வலைக்குப் பின்னால், மடியில் தாம்பாளத்தோடு உட்கார்ந்தேன்.

10.14. தெருமுக்கில் இறங்கினேன். சும்மாட்டைச் சரிசெய்து தாம்பாளத்தைத் தூக்கி வைத்தேன். ஈர வேட்டி காலில் ஒட்டியது. முதுகுக்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள் ‘நடங்கள்’ என்று கையைக் காட்டிவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் பின்னால் வந்தார். நடு வழியில் சைரனை ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஊதினார். கொட்டு இல்லாத குறை அதோடு தீர்ந்தது.

வீட்டிலிருந்த எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

“அய்யய்யோ, எங்கண்ணனைப் பிடிச்சுட்டாக!” என்று வசந்தா அலறினாள். மாப்பிள்ளை பாஸ்போர்ட்டை எடுக்க உள்ளே ஓடினார்.

“ஏத்தா, கத்தாத. தலையில பாரு” என்றார்கள் மதினி.

வசந்தா பார்த்தாள். தாம்பாளம் ஆடாமல் வந்துகொண்டிருந்தது. மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார்கள். என்ன சொல்லப் போகிறார்களோ என்று நான் குறுகினேன். மதினியோ, வாயில் கை வைத்து, சின்னமனூரே கேட்கும்படி ஒரு குலவை போட்டார்கள். தெருவில் அன்றுவரை திறந்தே பார்த்திராத கதவுகளெல்லாம் திறந்தன.

“சேட்டா, வேகம் இரிக்கு!” என்று, சீக்கிரம் உட்காரும்படி மலையாளத்தில் விரட்டிக்கொண்டு சூசம்மா ஊசியோடு தயாராக நின்றார். அவருக்கு ஊர் கட்டப்பனை, எங்கள் மலைக்கு அந்தப் பக்கம். ஈர மடியில் யாழினியை வைத்துக்கொண்டேன். 10.26-க்குக் காது குத்தியாயிற்று. பிள்ளை அழுதது, நான் அழுதேன், போலீஸ் அம்மாள் வாசலில் நின்று கேசரி சாப்பிட்டார். வசந்தா அன்றைக்கு நின்ற நிமிர்வை அளக்க என்னிடம் சங்கிலி இல்லை.

இப்போது யாழினிக்கு நான் ‘போலீஸ் மாமா’. அவளுடைய பள்ளித் தோழிகள் நான் ஒரு டி.எஸ்.பி. என்று நம்புகிறார்கள், நான் மறுப்பதில்லை. மதினி விசேஷங்களுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், யாராவது ஒரு தாய்மாமன் தவில், நாகஸ்வரம், அதிர்வேட்டு என்று அமர்க்களமாகத் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பார்கள்:

“கொட்டெல்லாம் சரித்தான். போலீசை எங்க காணோம்?”