விருப்ப வரிசையை மாற்றியது யார்?

மிச்சம் (Mitcham), லண்டன்.
ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் நடுப்பகுதி.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் கிறிஸ்துராஜா அவர்களுக்கு,

புனிதர்களின் புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகம். நியூ ஜேர்சியில் நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். உங்களுடைய பிரஷர், சுகர், கொலஸ்ரோல் மூன்றும் இப்போது அடங்கி நடப்பதாக டொலறஸ் சொன்னாள். உங்கள் தங்கையாகிய அவளும் அப்படி அடங்கி நடந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதத்தில் பாதி மிச்சமாகியிருக்கும். வட்ஸ்அப் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். என் போனை இந்த வீட்டில் மற்ற இரண்டு பேரும் திறப்பார்கள். தெருமுனைத் தபாற்பெட்டியை மட்டும்தான் அவர்களால் இன்னும் திறக்க முடியவில்லை.

போன கிழமை நீங்கள் டொலறஸுக்குக் கோபத்தோடு அனுப்பிய செய்தியை நானும் வாசித்தேன். “பிள்ளையின்ர விருப்ப வரிசை ஒரு மாதத்தில மூண்டு தரம் மாறிப்போச்சு. காங்கிரஸ்காரற்ற ஒபீஸில இருந்து எனக்குப் போன் எடுத்துக் கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?” என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் வீட்டு மேல்மாடியில் நாங்கள் இருந்த காலத்தில் பிறந்த குற்றத்துக்காக மகள் பெனிற்றாவிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கிறது. மூன்று வயதில் இங்கே தூக்கி வந்தோம். பதினேழு வயதில், அங்கே திரும்பிப் போய்ப் படை அதிகாரியாகப் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். அதற்கு அங்கத்தைய தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், எங்கள் எம்.பி. மாதிரியான ஆள், அவளுடைய பெயரை முன்மொழிய வேண்டுமாம். உங்கள் முகவரியைக் கொடுத்து விண்ணப்பம் போட்டாள். தரைப்படை, கடற்படை, விமானப்படை, வணிகக் கப்பல் என்று நான்கு கல்லூரிகள், விருப்பப்படி ஒன்று முதல் நான்கு வரை இலக்கம் போட வேண்டும். கடைசித் திகதி வரை, கையெழுத்து வைத்த ஒரு கடிதம் அனுப்பி வரிசையை மாற்றலாம் என்று கீழே ஒரு வசனம் இருந்தது. எங்கள் குடும்பத்தைக் குழப்பியது அந்த ஒற்றை வசனம்தான்.

அவள் முதலாவதாகப் போட்டது தரைப்படை. மச்சான், உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். ஊரில் சண்டை நடந்த காலம், என் தம்பி றெஜிக்கு அப்போது பத்தொன்பது வயது. மன்னாரில் இருந்து வவுனியாவுக்கு பஸ்ஸில் போனோம், சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கினார்கள், எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்த்தார்கள், அவனுடையதை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். “அண்ணை, நீங்கள் ஏறுங்கோ, நான் காட்டிப்போட்டு வாறன்” என்றான். நான் ஏறினேன். பஸ்ஸை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு கண்டம் தாண்டி வந்தும், ஸ்ட்ரெதமில் நான் வேலை செய்யும் பெற்றோல் ஷெட்டுக்கு யாராவது பச்சை உடுப்போடு வந்தால் எனக்குச் சில்லறை எண்ண வராது. அந்த உடுப்பைப் போடுகிறேன் என்று என் வயிற்றில் பிறந்தது நிற்கிறது. (டொலறஸின் வயிற்றில் பிறந்தது என்று எழுத வேண்டும், பதற்றத்தில் மாறிவிட்டது.) வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்பா, ப்ளீஸ், இது என்ர லைஃப்” என்றாள்.

சரி, போகிறதைத் தடுக்க ஏலாவிட்டால் எங்கே போகிறாள் என்பதையாவது புனிதர் தீர்மானிக்கட்டும் என்று திருவுளச் சீட்டுப் போட்டேன். நான்கு துண்டுகளில் நான்கு படையையும் எழுதி, மடித்து, பால்மா ரின்னில் போட்டு, அந்தோனியார் படத்தின் முன்னால் மூன்று நாள் வைத்துச் செபித்து, கண்ணை மூடி எடுத்தேன். வணிகக் கப்பல் வந்தது. சாமான் ஏற்றும் கப்பல், சோதனைச் சாவடி இல்லை, எனக்குப் பெரிய சந்தோஷம். அன்றே கடிதம் எழுதி அவளுடைய கையெழுத்தை நானே வைத்துத் தபாலில் போட்டேன். பள்ளிக்கூடச் சுற்றுலா முதல் பல் டொக்டர் வரை பதினேழு வருடமாக அவளுக்காகக் கையெழுத்து வைத்தவன் நான், இது ஒரு குற்றமாக எனக்குப் படவே இல்லை. பத்து நாளில் உங்களிடம் இருந்து, இப்போது விமானப்படை முதலாவது என்று செய்தி வருகிறது. எனக்குத் தலை சுற்றியது. விசாரித்தால் அது உங்கள் தங்கை. அவள் தன் பாட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாள். “மேல பறந்தா மாதாவுக்குக் கிட்ட இருப்பாள் தானே” என்கிறாள். தான் கேட்டது கிடைக்கும் வரைக்கும் நில் என்று அந்தோனியாரைச் சுவர்ப் பக்கம் திருப்பியும் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் புனிதருக்கும் தண்டனை உண்டு.

இனி எழுதுவதைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். நான் விடவில்லை, புதிதாக நான்கு துண்டு எழுதி மறுபடியும் மூன்று நாள் வைத்தேன். மூன்றாம் நாள் புதன்கிழமை, பகல் இரண்டு மணி. பெனிற்றா பள்ளிக்கூடத்தில், டொலறஸ் வேலையில். வீட்டில் ஹீற்றர் போட்டிருந்தும் முன்னறை மட்டும் ஐஸ்பெட்டி போலக் கிடந்தது. போய்ப் பார்த்தால் அந்தோனியார் என்னைப் பார்த்தபடி நிற்கிறார். காலையில் சுவரைப் பார்த்தவர். டொலறஸ்தான் மனமிரங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ரின்னுக்குள் கை விட்டேன். தரைப்படை. மனம் கேட்கவில்லை, திரும்பப் போட்டுக் குலுக்கி எடுத்தேன். தரைப்படை. மூன்றாந்தரமும் அதுவே. ரின்னைக் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொன்றாக விரித்தேன். நான்கிலும் தரைப்படை. மச்சான், அது என் எழுத்து இல்லை. ‘ர’ எழுத்தின் காலை அடுத்த வரி வரை இழுத்துவிடும் எழுத்து. அப்படி எழுதியதற்காகப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிய ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். என் வாயில் இருந்து “றெஜி?” என்று தானாகவே வந்தது. மேலே யாரும் இல்லாத அறையில், ஒருவர் எழும்பும்போது கதிரை பின்னால் இழுபடுமே, அந்தச் சத்தம் கேட்டது. நான் ஜக்கற்றும் போடாமல் வெளியே வந்து, டொலறஸ் வேலையால் வரும் வரைக்கும் ட்ராம் தரிப்பில் இருந்தேன். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. எத்தனை ட்ராம் போனது என்று தெரியாது, ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமைதான் மூன்றாவது கடிதம் போய், தரைப்படை திரும்பவும் முதலாவதாகியிருக்கிறது. நான் அனுப்பவில்லை. டொலறஸ் செபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். பெனிற்றாவிடம் நாசூக்காக, “பிள்ளை, வரிசை ஏதும் மாத்தினனீங்களோ?” என்று கேட்டேன். “நான் ஏன் மாத்தப் போறன்? நான் முதல் போட்டதுதானே இருக்கும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பிறகு யார், மச்சான்? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தன்னைக் கொண்டுபோன இடத்துக்கு றெஜி அவளையும் கூப்பிடுகிறான். நான் அவனை விட்டுவிட்டு ஏறியவன், என் மேல் அவனுக்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் பிள்ளையில் அதைத் தீர்க்க நான் விடமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகையால் இதனுடன், விண்ணப்பத்தையே வாபஸ் பெறுவதாக அவளுடைய கையெழுத்தோடு (நான் வைத்தது) ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கிடைத்தவுடன் அந்த ஒபீஸில் நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். டொலறஸுக்கு மூச்சும் விட வேண்டாம்.

தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியார் உங்கள் வீட்டில் ஒன்றும் தொலையாமல் காக்கட்டும். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. சுகர் உள்ளவர் என்பதை மறந்து தொதல் தின்ன வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய,
யேசுரட்ணம்

பின்குறிப்பு (புதன்கிழமை): மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். வாபஸ் கடிதத்தை உள்ளே தேடவும் வேண்டாம், கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை முத்திரை தேடிக்கொண்டிருந்தபோது பெனிற்றா என் கையில் இருந்த உறையை வாங்கிப் பிரித்து, எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்துவிட்டாள். காங்கிரஸ்காரரின் ஒபீஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் அன்றன்றே அவளுக்கு ஈமெயிலில் அறிவித்திருக்கிறது. அப்பனும் அம்மாவும் செய்த திருக்கூத்து முழுவதும் அவளுக்கு முதல் நாளில் இருந்தே தெரியும். மூன்றாவது கடிதம் அவளுடையது. அந்தோனியாரைத் திருப்பியதும் அவள். அலுமாரிக்குள் இருக்கும் றெஜியின் பழைய கடிதங்களைப் பார்த்து, அந்த எழுத்தைப் பழகி, நான்கு துண்டையும் மாற்றியிருக்கிறாள். கதிரைச் சத்தம் பக்கத்து வீடாம், சுவர் மெல்லிசு. “ஏனடி என்னை இப்பிடிப் பயப்பிடுத்தினனீ?” என்று கத்தினேன். “சித்தப்பாவைத் தவிர நீங்கள் வேற ஒருத்தற்ற சொல்லும் கேக்கமாட்டீங்கள், அப்பா” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள்.

நேற்றுச் செவ்வாய், வீடியோவில் காங்கிரஸ்காரரின் தேர்வுக் குழுவோடு அவளுக்கு நேர்முகம். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆகையால் நானும் டொலறஸும் அந்தோனியார் பூசைக்குப் போய்விட்டோம். நாங்கள் திரும்பி வந்தபோது அவள் கொம்பியூட்டரின் முன்னாலேயே இருந்தாள். “ஏன் தரைப்படை எண்டு கேட்டவை. சித்தப்பாவின்ர பஸ்ஸைப் பற்றிச் சொன்னனான். அண்டைக்கு அந்த யூனிபோர்முக்குள்ள நிண்ட ஆள் ஏறிப் போ தம்பி எண்டு சொல்லியிருந்தா அவர் வந்திருப்பார். அப்பிடிச் சொல்லுற ஆளா நான் அங்க நிக்கோணும் எண்டு சொன்னனான்” என்றாள். நல்லது பிள்ளை, அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அந்தக் குழுவில் இருந்த ஓய்வு பெற்ற அதிகாரி மிகவும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்: பதில் நன்றாக இருக்கிறது, ஆனால் விதி விதிதான், உங்களுக்குப் பின்னால் தலையாட்டிக்கொண்டு நிற்கிற அந்த இளைஞரைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்லுங்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாளாம். கதவு பூட்டியிருந்தது, சுவர்தான் இருந்தது. “நீ என்ன செய்தனீ?” என்று கேட்டேன். “சித்தப்பா, நீங்கள் ஏறுங்கோ, பஸ் உங்களுக்காகத்தான் நிக்குது எண்டு தமிழில சொன்னனான்” என்றாள். அந்த அதிகாரி உடனே நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாராம்.

மச்சான், ஒபீஸில் இருந்து இனி யாராவது கேட்டால், தரைப்படைதான் முதலாவது என்று சொல்லுங்கள். தகப்பனுக்கும் அதுதான் விருப்பம் என்று சொல்லுங்கள்.