கல்யாணத்துக்கு ரோலர் வரக்கூடாது

பங்க் இசையை லண்டன் பையன்கள் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். சும்மா கதை. அவர்களுக்கு இரண்டு வருஷம் முன்பே இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் அதைக் கண்டுபிடித்தவன் எங்கள் ரோலர். கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷினில் வேலை. அப்பா அம்மா வைத்த பேர் அவனுக்கே மறந்திருக்கும்.

மெஷின் பக்கத்தில் நின்று பாடிப் பழகியவன், மெஷின் இல்லாத இடத்திலும் அது ஓடுகிற நினைப்பிலேயே பாடுவான். கூட இரண்டு பேர்: மூன்று கம்பி மிஞ்சிய கிட்டாரோடு சூசை, எண்ணெய்ப் பீப்பாயோடு செல்வம். பீப்பாயில் 'ரோலர் பாய்ஸ்' என்று பெயின்டில் எழுதியிருக்கும். பாட்டெல்லாம் சொந்தச் சரக்கு. ஒன்று ரேஷனில் கிடைக்கும் கூப்பன் மாவில் நெளியும் புழுவைப் பற்றி, இன்னொன்று எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாவின் மீசையைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே மெட்டு. அதை மெட்டு என்பதே ஒரு மரியாதைக்குத்தான். ஒருமுறை திருவிழாவில் பாடினார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய எங்கள் மாட்டைப் பல மைல் தள்ளிக் கினிகத்தேனையில் போய்ப் பிடித்தோம். ஆனாலும் லயத்து வீடுகளின் இளவட்டங்கள் நாங்கள் அவர்கள் பின்னாலேயே திரிந்தோம்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை, ரோலர் அந்தப் பக்கமே வரக்கூடாது. அதை அவனிடமே போய்ச் சொன்னாள். "சரி தங்கச்சி" என்று தலையாட்டினான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் தோட்டத்துத் தொரை தலையில் குண்டைப் போட்டார். கொழுந்து முற்றுகிறதாம், யாருக்கும் லீவு இல்லையாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்துக் கூப்பிட்ட பிறகும் வராதவர் பேரை வெட்டி வேலையை நிறுத்திவிடுவாராம், கல்யாணப் பொண்ணையும் சேர்த்து. ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போன கல்யாணம். இந்த முகூர்த்தமும் தவறினால் வேறு இடம் பார்ப்போம் என்று வலப்பனை மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அக்கா அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை.

விடியற்காலை பெரட்டுக்களத்தில் தப்பு எழும்பியதும், களத்துக்கும் லயத்துக்கும் நடுவில் ரோலர் பாய்ஸ் புழுப் பாட்டை எடுத்தார்கள். தப்புக்காரர் கை ஓயும்வரை அடித்தார். ஒருத்தர் காதிலும் விழவில்லை. புழு முடிந்து மீசை ஆரம்பித்தது. மீசைக்காரரே ஓடிவந்து நிறுத்தச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. தாலி ஏறும்வரை பாடினார்கள்.

கண்டாக்கு கல்யாண வாசலில் வந்து குதித்தார். அம்மா கைகூப்பி, "தப்பு அடிச்சீங்களாங்கய்யா? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையேங்க" என்றாள். மொத்தத் தோட்டத்தின் பேரையும் எப்படி வெட்டுவது? பாடின மூன்று பேருக்கு மட்டும் ஒரு வாரம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரோலர் பந்திக்கு வரவில்லை. தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா கல்யாணச் சேலையோடு அங்கேயே போனாள்.

"வாங்கண்ணே. நீங்க சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தான். தொண்டையில் காற்று மட்டும் வந்தது. சிரித்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தான்.

அந்தக் கச்சேரி எப்படி என்று அக்காவை இன்றைக்குக் கேட்டாலும், "மகா மோசம்டா, காது கொடுத்துக் கேக்க முடியல" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் முந்தானை கண்ணுக்குப் போய்விடும்.