ஓட்டுநர் தலைமையில் நடந்த கூட்டம்

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் அத்தானும் நலம் என்று நானாக முடிவுகட்டுவது இப்போது எங்கள் கொள்கைக்கு விரோதம். ஆகவே கேட்கிறேன்: நலமா?

கொள்கை என்றதும் உனக்குப் புருவம் ஏறும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தைக் கண்ணசைவிலேயே நடத்தியவள் நீ. போன மாதம் பள்ளி ஆலோசகர்களான எங்களை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்துபவரோ, ஆலோசனை சொல்பவரோ, சமூகப் பணி செய்பவரோ, தன் கையில் இருக்கும் அதிகாரத்தை உணர்ந்து, எதிரே இருப்பவரை அமுக்காமல் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மற்றவர்கள் கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நான் மறுநாளே அதிகாரத்தை ஒழித்துவிட்டேன்.

முதலில் என் அறை மேசை. நடுவில் மேசை இருந்தால் அது மதில் சுவர் மாதிரி என்றார்களா, தூக்கி வெளியே போட்டேன். பிறகு தேநீர் வைக்க இடமில்லாமல் ஒரு மாணவியின் கோப்பின் மேல் வைக்க, அது கவிழ்ந்து, 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்த இடம் மட்டும் ஊறி அழிந்துபோனது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது. கணக்கில் தொடர்ந்து தோல்வி. அவளைப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு மாற்றுவதாகப் பேச்சு. அங்கே போன பிள்ளை எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. வழக்கமாகத் தலைமையாசிரியை, வகுப்பாசிரியர், நான், மூவரும் முடிவு செய்வோம். தாயார் வந்து கையெழுத்துப் போடுவார். இந்த முறை கூட்டத்துக்குத் தாயாரே தலைமை என்று அறிவித்துவிட்டேன். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். எல்லோரும் சமம் என்பதால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே அளவான குட்டி நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். தலைமையாசிரியை உட்கார்ந்ததும் முழங்கால் மோவாய்க்கு வந்துவிட்டது.

அந்த அம்மாள் சீருடையோடு வந்தார். "நான்தான் தலைமையா? சரி, எல்லாரும் உக்காருங்க. வழியில நிக்காதீங்க" என்றார். வகுப்பாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சட்டியில இருந்தாத்தானேம்மா அகப்பையில வரும்" என்று ஆரம்பித்தார்.

"சட்டியத் தொறந்து பாத்தீங்களா சார்? இந்த வருஷம் எம்பொண்ணுகூட தனியா அஞ்சு நிமிஷம் பேசினவங்க கை தூக்குங்க."

வகுப்பாசிரியரின் கை பாதி ஏறி இறங்கியது. தலைமையாசிரியை விட்டத்தைப் பார்த்தார். என் கை மடியை விட்டு நகரவில்லை. "அப்ப எதை வெச்சு முடிவு பண்றீங்க?" என்றார் அந்த அம்மாள். பத்தே நிமிடத்தில் தீர்மானம்: பெண் பழைய வகுப்பிலேயே இருப்பாள். எனக்கு ஒரு நிமிடம் வெட்கமாக இருந்தது, மறைக்க மாட்டேன். பிறகு அவருக்குத் தலைமை கொடுத்ததே நான்தானே என்று நினைத்ததும் சரியாகிவிட்டது. இனி எங்கள் பள்ளியில் குரல் இல்லாதவர் என்று யாருமில்லை. நீயும் அத்தானை வாரத்தில் ஒருநாளாவது பேசவிட்டுப் பார்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் விரும்பினால் மட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: ஒருவரைப் பற்றி எழுதினால் அவரிடமே காட்டிவிட வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் போய் இந்தக் கடிதத்தைக் காட்டினேன். வண்டி புறப்பட நான்கு நிமிடம் இருந்தது. அந்த அம்மாள் முழுவதும் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா எம்பொண்ணு என்ன சொன்னான்னு ஒரு வரி இல்லையே சார்" என்றார். கடிதத்தை மடித்துத் தந்தபடி, "நானும்தான் கேக்கல" என்றார். பள்ளி விட்டு வந்து வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டோம்.

"எனக்குக் கணக்கு மட்டும்தான் வரல. கணக்குக்கு மட்டும் அந்த வகுப்புக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"யார்கிட்ட சார்?" என்றாள்.