பின்னங்கால் பருத்த குடும்பம்

உலகத்தில் பிரிப்போர் என்றொரு இனம் உண்டு. எது ஒன்றாகக் கிடந்தாலும் இவர்களுக்குக் கை நமநமவென்று இருக்கும். இவர்களில் தலையாயவர் ஆராய்ச்சிக்கூடத்து மாடியறைக்காரர். பறவை இறகில் குடியிருக்கும், கண்ணுக்கே தெரியாத எட்டுக்கால் உண்ணிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பெயர் வைப்பது அவர் உத்தியோகம். "பேன்தானே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேனுக்கு ஆறு கால் என்று தொடங்கினாரானால் உங்கள் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

முதுகில் ஒரு மயிர் கூடினால் புது இனம், இரண்டு கூடினால் புதுப் பேரினம், மூன்று கூடினால் அன்றைக்கு வீட்டுக்கு இனிப்பு என்று இருபத்திரண்டு வருடம் பிரித்துப் பிரித்து, கடைசியில் பின்னங்கால் பருத்த உண்ணிகளுக்கென்று தனிக் குடும்பமே நிறுவி, அதற்குத் தம் பெயரையும் சூட்டிவிட்டார். மெலிந்த கால் உண்ணிகளின் குடும்பத்துக்கோ, நான்கு வருடம் முந்தியே அடுத்த அறைக்காரர் தம் பெயரை வைத்திருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே புறாவின் ஒரே இறகில் இந்த இரண்டு குடும்பமும் சேர்ந்தே கிடைக்கின்றனவே, ஏன்?

"அண்டை வீட்டார்" என்பார் நம் மாடியறைக்காரர்.

அவர் அதுவரை பார்த்ததெல்லாம் செத்த உண்ணிகள். ஒருநாள் முதன்முதலாக உயிருள்ளவற்றோடு ஓர் இறகு வந்தது. சாப்பாடு கொண்டுவந்த மனைவி சும்மா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

"என்னங்க, இதுங்க ரெண்டும் புருஷன் பொண்டாட்டி."

"உளறாத. அது வேற குடும்பம், இது வேற குடும்பம்."

"நாமளும் அப்படித்தான இருந்தோம். கால் பருத்தவரு அவ பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போறாரு. அவ திரும்பிக்கூடப் பாக்காம மேயறா. வேற என்ன ஒறவா இருக்க முடியும்?"

அவரும் பார்த்தார். வேர்த்துவிட்டது. ஒன்றுக்கே இரண்டு பெயர் வைத்திருந்தால் முந்திய பெயர்தான் நிற்கும் என்பது அவர்கள் தொழிலின் சட்டம். அடுத்த அறைக்காரர் நிலைப்பார், இவர் அழிவார்.

மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு தம்பதியைப் பிரித்தார். ஆளுக்கொரு டப்பா, ஆளுக்கொரு இறகுத்துண்டு. குறிப்பேட்டில், 'இரு குடும்பங்களுக்கிடையே கைகலப்பு' என்று எழுதினார்.

"பாவங்க."

"நீ எந்தப் பக்கம்?" என்றார்.

மெலிந்தவளின் டப்பாவில் முட்டைகள் பொரிந்தன. பிள்ளைகள் வளர்ந்து ஆளானபோது பாதிப்பேருக்குப் பின்னங்கால் பருத்திருந்தது. பூட்டிய டப்பாவுக்குள் இவர்கள் எப்படி வந்தார்கள்? நம் ஆள் அசரவில்லை. 'வாடகைக்கு வந்தவர்கள்' என்று எழுதி மூடினார்.

சிரித்தாயிற்றா? நேற்று உங்கள் மகள் தட்டை நங்கென்று வைத்தாள். 'பாவம், களைப்பு' என்றீர்கள். மருமகள் அதே தட்டை அதே நங்கென்று வைத்தாள். 'அவங்க வீட்டு வளர்ப்பு' என்றீர்கள். முதலில் அந்த ஊசியைக் கீழே வையுங்கள்.