வலது இருக்கையிலிருந்து இறங்குவது பற்றி

விமானங்களைத் தரையோடு மோதவிடாமல் காக்கும் அருமை மருமகளுக்கு, அதே வேலையை முப்பத்தொரு வருஷம் பார்த்துவிட்டு இப்போது சாய்வு நாற்காலியை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும் மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் சௌக்கியம். நீயும், உன் மாணவர்களும், உங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் ஐந்து விமானங்களும் முழுசாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் முழங்கால் தைலம் இந்தத் தடவையும் வந்து சேர்ந்தது. அலமாரியில் மொத்தம் பதினான்கு பாட்டில்கள் பத்திரமாக இருக்கின்றன.

கீழே நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன். உன் அத்தை முதல் வரியிலேயே நம்பவில்லை. அவளை விடு, நான் மணி சொன்னாலே எழுந்து போய்க் கடிகாரத்தைப் பார்ப்பவள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மாணவன் பதினேழு மணி நேரம் பறந்துவிட்டான், தனியாக ஒரு சுற்றுப் போய்வரத் தயார், தலைமைப் பயிற்சியாளரும் சரி என்றுவிட்டார். நீதான் விமானத்தை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாய். திங்கள் காற்று, செவ்வாய் மேகம், புதன் ரேடியோ கரகரப்பு, வியாழன் அவன் முகமே சரியில்லை. அடுத்த வாரத்துக்குள் இறங்காவிட்டால் அவனை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்களாம். "எனக்கு இந்த வேலை வராது மாமா, விட்டுடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில்தான் இந்தக் கதை.

நான் பயிற்சியாளரான முதல் வருஷம், என் முதல் மாணவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, எனக்கு இருபத்தாறு. "தம்பி" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு "சார்" என்று முடிப்பார். டாக்டர்கள் கையெழுத்தைப் படித்துப் பழகிய கண் என்பதால் மூன்று மைலுக்கு அப்பாலிருந்தே காற்றின் திசை காட்டும் துணிக்குழாயைப் படித்துவிடுவார். அப்போது என் எடை நூற்றுப் பத்து கிலோ. பயிற்சியாளருக்கான வலது இருக்கையில் நான் உட்கார்ந்தால், அந்தச் சின்ன விமானம் யாரிடமோ ரகசியம் கேட்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தே பறக்கும். ஒருநாள் காலை அவர் பூப்போலத் தரையிறக்கினார். இனி நான் இறங்கியாகவேண்டும், வேறு வழியில்லை. இறங்கி, காலி இருக்கையின் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, கதவைச் சாத்தினேன். விமானம் விட்ட பெருமூச்சில் ஓடுபாதை ஓரத்துப் புல் அப்படியே படுத்துவிட்டது. இன்னும் எழுந்திருக்கவில்லை, வேண்டுமானால் போய்ப் பார். என் பாரம் குறைந்த சந்தோஷத்தில் விமானம் கால்வாசிப் பாதைகூட ஓடாமல் எகிறியது. எதிரே வந்த பருந்து ஒதுங்கி நின்று வழிவிட்டது.

கீழே நான் தனியாள், கையில் ஒரு வாக்கி டாக்கி. அதன் பொத்தானை ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் வேறு யாரும் வாயைத் திறக்கமுடியாது என்று உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்லவில்லை. பயத்தில் என் கட்டைவிரல் பொத்தானைப் பிடித்தது பிடித்ததுதான். மனசுக்குள் புலம்புவதாக நினைத்து நான் புலம்பியதெல்லாம் டவரிலும், மேலே காத்திருந்த நாலு விமானங்களிலும், அண்டை நாடுகள் மூன்றிலும் கேட்டிருக்கிறது. "மூக்கைத் தூக்காதீங்க, வலது கால், வலது கால், கடவுளே இவரை மட்டும் இறக்கிவிட்டுடு, நான் தபாலாபீஸ்ல முத்திரை குத்திப் பொழைச்சுக்கறேன்." டவர்க்காரர் ஜன்னலைத் திறந்து சட்டையைக் கழற்றி என்னைப் பார்த்து ஆட்டினார். பாராட்டுகிறார் என்று நானும் கையசைத்தேன். கடைசியில் அவர் 'இறங்கலாம்' என்று பச்சை விளக்கைக் காட்ட, மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்து, நான் வாழ்நாளில் ஒருமுறைகூட இறக்காத அழகோடு இறக்கினார்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உடம்பை மட்டும் இறக்கி என்ன தம்பி பிரயோசனம்? அடுத்த தடவை வாயையும் சேர்த்து இறக்கிடுங்க."

'சார்' போடவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவர் போடவேயில்லை.

அந்தப் பள்ளி இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை மருமகளே. காலையில் தகரக் கதவைத் தள்ளியதும் முகத்தில் அடிக்கும் பெட்ரோல் வாசனை, கரும்பலகையில் அழிக்காமல் விட்ட நேற்றைய அம்புக்குறிகள், பயிற்சியாளர் அறையில் கைப்பிடி உடைந்த என் கோப்பை. இப்போதும் வீட்டுக் கதவைச் சாத்தினால் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறேன். "எங்கே, பறக்கப்போறமா?" என்கிறாள் உன் அத்தை.

உன் அம்மாவிடம் தம்பி விசாரித்ததாகச் சொல். உன் ஓடுபாதை நீளமாகவும், மேகம் உயரமாகவும், காற்று எப்போதும் எதிரிலிருந்தே வீசுவதாகவும் இருக்கட்டும். நம் தொழிலில் அதுதான் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தரையில் வசிக்கும் உன் மாமா

பின்குறிப்பு: உன் அத்தை இதைப் படித்துவிட்டு, மருந்துக்கடைக்காரர் என்று ஒருவர் கிடையவே கிடையாது, அந்த வயதில் நான் ஐம்பத்தெட்டுக் கிலோ, காற்றடித்தால் என்னைத்தான் பிடித்துக் கட்டவேண்டும் என்கிறாள். வாஸ்தவம். புல்லும் நிமிர்ந்துதான் நிற்கிறது. ஆனால் ஏழு வருஷத்துக்கு முன்னால், நீ முதன்முதலாகத் தனியாகப் பறக்கவேண்டிய காலையில், எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது என்று பத்து நிமிஷம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேனே. நீகூட "மெதுவா இறங்குங்க மாமா, அவசரமில்லை" என்றாயே. என் முழங்காலுக்கு அன்றும் ஒன்றுமில்லை, இன்றும் ஒன்றுமில்லை. பதினான்கு பாட்டிலையும் இன்றே பார்சலில் அனுப்புகிறேன், ஒன்றுகூடத் திறக்கவில்லை. இனி உனக்குத் தேவைப்படும். முழங்கால் என்று சொல்லிப் பத்து நிமிஷம் உட்கார்ந்துகொள், பிறகு இறங்கிவிடு. இந்தக் கடிதத்தில் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் உண்மை.