நான் தோற்கடித்த ஆஸ்டின்

கார் வைத்திருந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. காருக்கு மரியாதை கொடுத்துப் பேசியவர் உலகத்திலேயே ஒருவர்தான். எண்பதுகளில் நான் இராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தபோது எங்கள் தெருவில் இருந்த அவரை ‘ரெண்டு வண்டி அண்ணாச்சி’ என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்.

ஒன்று வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்டின். மற்றது எழுபதுகளில் வாங்கிய பியட். இரண்டும் வாடகைக்கு ஓடின. ஆஸ்டின் என்றால் ‘அவிய’, அதாவது அவர்கள். பியட் ‘அந்தப் பய’. “அவியளுக்கு நேத்துலேருந்து சளி. இன்னைக்குப் பயலைக் கூட்டிட்டுப் போங்க” என்பார்.

கல்யாணத்துக்கு ஆஸ்டின், ஆஸ்பத்திரிக்கு பியட் என்பது அவர் சட்டம். பிரசவ வலியில் துடித்த மனைவியோடு ஒருவன் அவசரத்தில் ஆஸ்டினில் ஏறிவிட்டான். “இறங்குப்பா, அவிய நல்ல காரியத்துக்குத்தான் வருவாவ” என்றார்.

“பிள்ளை பொறக்கது நல்ல காரியம் இல்லையா அண்ணாச்சி?”

அண்ணாச்சி ஆஸ்டினையே எடுத்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. வீட்டோடு மாப்பிள்ளை வந்ததால் கார் ஷெட்டில் பாதியை அறையாக்க வேண்டும். இனி ஒரு வண்டிதான் நிற்கலாம். எதை விற்பது? நான் மில்லில் நூலின் தரம் பார்க்கிறவன் என்பதால், டீக்கடையில் எல்லார் முன்னாலும் என்னை நடுவராக்கினார்.

“நூலுக்கே குத்தம் கண்டுபிடிக்க ஆளு நீங்க. நீங்க சொல்லுததுதான் முடிவு.”

பரீட்சையும் அவரே வைத்தார். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் (தீபத் திருவண்ணாமலை வேறு) பெருமாள் கோயிலுக்கு ஒரு வாரம் ஆஸ்டினில், மறுவாரம் பியட்டில் போய்வர வேண்டும். ஓட்டுவது அவர், என் மடியில் தளும்பத் தளும்பத் தண்ணீர்ச் சொம்பு. சிந்தாத வண்டிக்கு வெற்றி.

ஆஸ்டினில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப்போனார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. விடியலிலிருந்து துடைத்துத் துடைத்து மினுக்கிய அண்ணாச்சி, பெட்ரோல் போட மறந்திருந்தார். சொம்பைக் கூட வந்த என் மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கித் தள்ளினேன். அந்த நேரம் பார்த்தா என் மச்சினன் புது மோட்டார் சைக்கிளில் வரவேண்டும்?

“என்ன அத்தான், மாடு வாடகைக்குக் கிடைக்கலையா?”

சாமி கும்பிட வந்த கூட்டமே சிரித்தது. பெருமாளைச் சேவித்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

மறுவாரம் பியட் பறந்தது. போகும்போது பாதி, திரும்பும்போது மீதி என்று சொம்புத் தண்ணீர் முழுவதும் என் வேட்டியில். அந்தக் கோலத்திலேயே டீக்கடையில் இறங்கித் தீர்ப்புச் சொன்னேன்: “பியட்டுதான் அண்ணாச்சி.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வேட்டி வேற மாதிரில்லா சொல்லுது?”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

அடுத்த வாரமே வெளியூர்க்காரர் ஒருவர் ஆஸ்டினை வாங்கிப்போனார். அண்ணாச்சி அதன் கதவைப் பிடித்தபடி தெருமுனை வரை கூடவே நடந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தெரு மட்டும் அதற்கப்புறமும் அவரை ‘ரெண்டு வண்டி’ என்றே கூப்பிட்டது.

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தபோதுதான், வண்டி தள்ளிய வெட்கத்தில் பொய் சொல்லிவிட்டதை ஒப்புக்கொண்டேன்.

“அன்னைக்கே தெரியும் தம்பி” என்றார். “அம்புட்டுப் பேர் முன்னால உங்களை நடுவராக்குனது நான். பொறவு நானே உங்க பேச்சைத் தட்டுனா உங்க மொகம் என்னத்துக்கு ஆகும்? ஏற்கெனவே மச்சினன் வேற சிரிச்சுட்டான்.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். என்னைப் பெற்ற அப்பாகூட எனக்காக அவ்வளவு பெரிதாக எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.