டிவிக்கு ஜாதகம் பார்த்த எலுமிச்சம்பழம்

டிவி வாங்குவதற்கு முன்னால் அந்த டிவிக்கு ஜாதகம் பார்க்க வேண்டும் என்ற பேருண்மை போன புரட்டாசி வரைக்கும் மனித குலத்துக்குத் தெரியாமலே இருந்தது. அதைக் கண்டுபிடித்து உலகுக்கு அருளிய பெருமை ஓசூரை ஒட்டிய எங்கள் ஜூஜுவாடியைச் சேரும். கண்டுபிடித்தவர் திரைச்சித்தர் குருமூர்த்தி சுவாமிகள். ஹைவே ஓரத்தில் வெங்கடப்பன் நடத்தும் டிவி கடையில் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரை தரிசனம். டோக்கன் ஐம்பத்தொரு ரூபாய். டிவி வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாங்காவிட்டால் அருளோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முறை ரொம்ப எளிது. சுவாமிகளின் கையில் ஒரு கறுப்பு நூல். நூலின் நுனியில் ஒரு எலுமிச்சம்பழம். சுவரில் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும் டிவிகளின் முன்னால் அவர் ஒவ்வொன்றாக நின்று நூலைத் தொங்கவிடுவார். பழம் சும்மா தொங்கினால் அந்த டிவி உங்களுக்கு ஆகாது. இப்படியும் அப்படியும் ஆடினால் கண்டம். வட்டமாகச் சுற்றினால் அதுதான் உங்கள் டிவி, பில் போட்டுவிடலாம்.

ராசி நட்சத்திரம் எல்லாம் அவர் கேட்பதில்லை. ஓசூர்க்காரனிடம் கேட்க வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும்.

"எந்த ஷிஃப்ட்டு?" என்பார்.

ஏ ஷிஃப்ட் என்றால் சூரியன். பி ஷிஃப்ட் என்றால் செவ்வாய். நைட் ஷிஃப்ட் என்றால் சந்தேகமே வேண்டாம், ராகு. ஜெனரல் ஷிஃப்ட்காரர்களுக்குக் கிரகம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. அவர்கள் மேனேஜர்கள். அவர்களே கிரகங்கள்.

கூட்டம் எப்படி என்கிறீர்கள்? அத்திப்பள்ளியிலிருந்து கன்னடக்காரர்கள், பாகலூர்ப் பக்கமிருந்து தெலுங்குக்காரர்கள், தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து ஃபேக்டரிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள். சுவாமிகள் மூன்று மொழியிலும் பயமுறுத்துவார். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கும். வாரத்தில் ஆறு நாள் இவர்கள் ஒரு போல்ட்டை மைக்ரோமீட்டரில் வைத்து, தலைமுடி கனத்தில் பாதி கூடிவிட்டது என்று தூக்கி எறிகிற மக்கள். ஏழாம் நாள் ஒரு எலுமிச்சம்பழத்தின் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள்.

நான் அன்றைக்கு அங்கே போனது ரிமோட்டுக்கு பேட்டரி வாங்க. டோக்கனும் வாங்கினேன். என் நம்பர் அறுபத்தொன்று. சும்மா ஒரு ஆர்வம்தான், வேறு ஒன்றுமில்லை.

எனக்கு முன்னால் நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் கிருஷ்ணப்பன் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு நின்றார். மூன்று வாரத்துக்கு முன் பழம் சுற்றியதென்று அறுபத்தைந்து இன்ச் டிவி வாங்கிப் போனவர். அவர் வீட்டு ஹால் எட்டடி.

"சாமி, டிவி நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி பாக்கறதுக்குள்ள கழுத்து திரும்பமாட்டேங்குது. செய்தி வாசிக்கிற பொண்ணு மூஞ்சியில பாதிதான் தெரியுது" என்றார்.

சுவாமிகள் புன்னகைத்தார். "கழுத்துல இருந்த சனி எறங்கறான். எறங்கும்போது வலிக்கும்."

கிருஷ்ணப்பன் கும்பிட்டார். கழுத்து வளையாததால் இடுப்பிலிருந்து கும்பிட்டார்.

அடுத்த டோக்கன் தங்கதுரையும் அவர் மனைவி ஜெயமணியும். சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். தங்கதுரை ஒரு ஃபேக்டரியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். தகட்டை வைத்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் வடிவம் வெட்டும் மிஷின். ஜெயமணி வீட்டில் தையல் வேலை. பழைய டிவி போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் பி ஷிஃப்ட் போனால் வீட்டில் அவளோடு பேச ஃபேன் மட்டும்தான். போனஸ் வந்ததும் அதோடு கையிலிருந்ததையும் சேர்த்து இருபத்திரண்டாயிரத்தை டிவிக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். நான்கு கடை ஏறி இறங்கி, இங்கே சுவரோரம் மூன்றாவதாக இருந்த நாற்பத்து மூன்று இன்ச் டிவியை ஜெயமணியே தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தாள். விலை இருபத்தோராயிரத்து ஐந்நூறு. இதற்கு மேல் எலுமிச்சம்பழத்துக்கு என்ன வேலை? ஆனாலும், எல்லாரும் பார்க்கிறார்களே என்று ஒரு வார்த்தை கேட்க வந்தாள்.

கேட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த டிவியின் முன்னால் பழம் இப்படியும் அப்படியும் ஆடியது. சுவாமிகள் கண்ணை மூடினார்.

"வீட்டுக்காரரு என்ன வேலைம்மா?"

"பிரஸ் ஷாப்புங்க சாமி."

"அதான். இந்தப் பெட்டி உள்ள வந்தா தொண்ணூறு நாள்ல அவர் கை போயிடும். வலது கை."

ஜெயமணியின் முகம் சுண்டிப்போயிற்று. கையை இழந்த பிரஸ் ஆபரேட்டர்கள் நாலு பேரை அவளுக்கே தெரியும். பொய் சொல்கிறவன் எங்கே அடிக்க வேண்டும் என்று பார்த்துத்தான் அடிப்பான். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பத்திரிகைக்காரர்கள் அச்சடிக்க மாட்டார்கள்.

பழம் நகர்ந்து, ஓரத்தில் தூசி படிந்து கிடந்த வேறொரு டிவி முன்னால் வந்ததும் ஜம்மென்று வட்டமடித்தது. இரண்டு வருடமாக விற்காத மாடல். விலை முப்பத்து நாலாயிரம். பின்பக்கம் ஒட்டச் செப்புத் தகடு ஆயிரத்து நூறு.

"இது அவர் கையக் காப்பாத்தும்" என்றார் சுவாமிகள்.

"அம்புட்டுக்கு எங்க போறது ஜெயா? வேணாம், டிவியே வேணாம், வா போவோம்" என்றார் தங்கதுரை.

"சும்மா இருங்க. கையவிடவா பணம்?" என்று சொல்லி ஜெயமணி காதில் கிடந்த தோட்டைத் திருக ஆரம்பித்தாள். அடகுக் கடை எதிர்ச் சாரியிலேயே இருந்தது. வெங்கடப்பன் ஏற்பாடு எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல.

அப்போது கூட வந்திருந்த ரஞ்சிதா அவள் கையைப் பிடித்தாள். பக்கத்து லைன் வீட்டுப் பெண், ஊத்தங்கரைக்காரி. கியர் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். அரை மணி நேரமாக எல்லாரும் பழத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கா, தோடு காதுலயே இருக்கட்டும். சாமி, ஒண்ணு கேக்கறன், கோச்சுக்காதீங்க. இந்தப் பழத்துக்கு டிவியப் பாத்தாத்தான் தெரியுங்களா, பாக்காமயே தெரியுங்களா?"

"பழத்துக்குக் கண்ணு எதுக்கும்மா? செவுத்துக்கு அந்தப்பக்கம் இருந்தாலும் சொல்லும்."

"ரொம்ப நல்லதுங்க. எங்க கம்பெனில ஒரு பழக்கம். பீஸை அளக்கறதுக்கு முன்னாடி, அளக்கற ஆளையே சோதிப்போம். அவருக்குத் தெரியாம ஒரே பீஸைத் திருப்பித் திருப்பிக் குடுப்போம். ஒரே அளவு சொன்னா ஆளு சரி. மாத்தி மாத்திச் சொன்னா அன்னிக்கே லைன்லேர்ந்து எடுத்துடுவோம். உங்களையும் ஒருதரம் பாத்துடலாமா?"

வரிசையில் நின்றவர்களுக்கு இந்தச் சோதனை அத்துப்படி. அதில் தோற்றுப் பேச்சு வாங்கியவர்களும் உண்டு. "பாத்துடலாம் சாமி" என்று பத்துக் குரல் எழுந்தது. தன் புகழைத் தானே நம்பத் தொடங்கியிருந்த சுவாமிகள் தலையசைத்துவிட்டார். இந்தத் தொழிலில் அதுதான் ஆபத்து.

"வெங்கடப்பண்ணா, நீங்க மட்டும் வெளிய ஒரு டீ சாப்பிட்டு வாங்க. சாவிக்கொத்து இங்கயே இருக்கட்டும்" என்றாள் ரஞ்சிதா.

"சாவி எதுக்கும்மா?"

"டீ குடிக்கவும் சாவி வேணுமா?"

கூட்டம் சிரித்தது. வெங்கடப்பன் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போனார்.

சுவாமிகளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வைத்துவிட்டு ஒரு டிவியைக் கழற்றி மேஜையில் வைத்து, டிவி வாங்கினால் இலவசம் என்று அடுக்கியிருந்த போர்வைகளில் ஒன்றால் மூடினார்கள். எந்த இடம் காலி என்று தெரியாதபடி சுவர் வரிசையையும் மீதிப் போர்வைகளால் மறைத்தார்கள். சுவாமிகள் திரும்பினார். நூலைத் தொங்கவிட்டார். பழம் கொஞ்சம் யோசித்தது. வாசல் பக்கம் ஒருமுறை போய்வந்த சுவாமிகளின் பார்வையும் யோசித்தது. பிறகு பழம் மெல்லச் சுற்றியது.

"யோகம். இந்த அம்மாவுக்குன்னே செஞ்ச டிவி."

போர்வையை எடுத்தார்கள். அரை மணி நேரத்துக்கு முன் தங்கதுரையின் வலது கையைக் கேட்ட அதே டிவி.

சுவாமிகள் அசரவில்லை. "அப்ப ராகு காலம். இப்ப ஆறேகால், ராகு காலம் முடிஞ்சுபோச்சு. தோஷம் வெலகிடுச்சு."

சிலர் தலையாட்டினார்கள். ராகு காலத்தில் சுவாமிகள் ஏன் கடை விரித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஜனங்களுக்கு ஒரு முழுப் பொய்யை விட அதற்குச் சொல்லும் சமாதானம்தான் அதிகம் பிடிக்கும்.

"சரிங்க சாமி, இன்னொண்ணு" என்றாள் ரஞ்சிதா.

மறுபடி போர்வை போட்டார்கள். இந்த முறை சுவாமிகள் கவனமாக இருந்தார். பழம் அசையவே இல்லை. அப்போது ரஞ்சிதா, ஏதோ மறதியில் செய்வதுபோல மேஜையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கலகலவென்று ஆட்டினாள்.

சுவாமிகளின் முகத்தில் நிம்மதி பரவியது. எலுமிச்சம்பழம் ஜம்மென்று வட்டமடித்தது.

"இதான், இதான். மகாலட்சுமி குடியிருக்கற டிவி. கண்ண மூடிட்டு வாங்கு."

போர்வையை எடுத்தார்கள். அட்டைப் பெட்டிக்குள் டிவி ஆடாமல் இருக்க வைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் சட்டம் இரண்டு, ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன.

முதலில் சிரித்தவர் கிருஷ்ணப்பன். சிரிக்கும்போது கழுத்து வலித்தது. வலித்தாலும் நிறுத்தவில்லை.

"அரை மணி நேரமா பாத்துட்டிருந்தன்" என்று ரஞ்சிதா எல்லாருக்கும் சொன்னாள். "விக்காத டிவிகிட்ட இவர் போனா அவர் சாவிய ஆட்டுவாரு. சாவி ஆடினா பழம் சுத்தும். அவ்ளோதான். நூலைப் புடிச்சிருக்கற வெரலு ஆடுது, நீங்க பழத்தைப் பாக்கறீங்க."

சுவாமிகள் ஏதோ சாபம் கொடுக்க வாயெடுத்தார். எந்த மொழியில் என்று முடிவு செய்வதற்குள் கூட்டம் டோக்கன் காசு கேட்டு நெருங்கியது. டோக்கன் காசு சேர்ந்திருந்த உண்டியலை மேஜை மேல் போட்டுவிட்டு ஹைவேக்குப் பாய்ந்து, பெங்களூர் போகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். டீக்குப் போன வெங்கடப்பன் அன்றைக்குத் திரும்பவே இல்லை. உண்டியலிலிருந்து அவரவர் காசை எடுத்துக்கொண்டார்கள். நானும் என் ஐம்பத்தொன்றை எடுத்துக்கொண்டேன். ஆர்வம் தீர்ந்துவிட்டது.

ஜெயமணி மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாம் பொய்தான் ரஞ்சிதா. ஆனா கையின்னு சரியாச் சொன்னாரே. மனசு கேக்க மாட்டேங்குது."

"எனக்கும் கைதான் சொன்னாரு" என்றார் பின்னாலிருந்த ஒருவர். அவரும் பிரஸ் ஷாப். "எனக்கும்" என்றார் இன்னொருவர். லாரி ஓட்டுகிறவருக்கு ஆக்சிடென்ட் சொல்லியிருந்தார். கிருஷ்ணப்பனுக்குத் தோப்பில் பாம்பு.

"தொழிலக் கேட்டுட்டு பயத்தச் சொல்றாருக்கா. பிரஸ்ஸுல கைக்கு ஆபத்துன்னு சொல்ல சித்தரு எதுக்கு? ஃபேக்டரி செவுத்துலயே எழுதிப் போட்டிருக்கு" என்ற ரஞ்சிதா தங்கதுரை பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சொல்லுங்க. உங்க மிஷின்ல ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்கினாத்தான இறங்கும்?"

தங்கதுரை தரையைப் பார்த்தார்.

"ஆமா. ரெண்டு பட்டன்தான்."

"ரெண்டும் வேலை செய்யுதா?"

"ஒண்ணுல டேப் போட்டு ஒட்டியிருக்கேன். ஒரு கையால அமுக்கிட்டு இன்னொரு கையால தகட்ட வச்சா மணிக்கு நாப்பது பீஸ் கூட வரும். இன்சென்டிவ் காசு கிடைக்கும். போனஸ் மட்டும் டிவிக்குப் பத்தலையேன்னு ஒரு மாசமாத்தான்…"

சிரித்துக்கொண்டிருந்த பிரஸ் ஷாப்காரர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் மிஷினிலும் டேப் இருந்திருக்க வேண்டும்.

ஜெயமணி கத்தவில்லை. அவர் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். "எனக்கு டிவி பாக்கத் துணைக்கு நீங்க வேணும்ங்க. நாளைக்கு அந்த டேப்பப் பிச்சு எங்கிட்டக் கொண்டாங்க. அப்புறம்தான் கடைக்கு வருவேன்" என்றாள்.

திங்கட்கிழமை இரவு அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தது நான்கு அங்குலக் கறுப்பு டேப். அதைப் பார்த்த பிறகுதான் அவள் சோறு போட்டாள். அடுத்த ஞாயிறு ரஞ்சிதாவின் இன்ச் டேப்பை வாங்கி, தான் உட்கார்ந்து தைக்கும் இடத்திலிருந்து சுவர் வரைக்கும் அளந்தாள். வேறு கடைக்குப் போய், ஜொலிக்கிற டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லி, தினமும் பார்க்கும் சேனலை நான்கு டிவியிலும் போடச் சொன்னாள். சத்தம் கேட்டாள். ஓசூரிலேயே சர்வீஸ் சென்டர் உண்டா என்று ஃபோன் போட்டு விசாரித்தாள். நாற்பத்து மூன்று இன்ச், இருபதாயிரத்து எண்ணூறு. எந்தக் கிரகமும் குறுக்கே வரவில்லை.

சுவாமிகள் இப்போது அத்திப்பள்ளியில் வாஷிங் மெஷினுக்கு ஜாதகம் பார்ப்பதாகக் கேள்வி. இருக்கும். அவரைத் தேடிப் போகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு நேரடிக் கேள்வியில் தங்கதுரையின் கை பிழைத்தது. நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள் அய்யா, அதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.